முள் எடுத்த மீன்

மருதை வீட்டுக்கு வருவது சாப்பிடவும் படுக்கவும்தான். மற்ற நேரமெல்லாம் வாழைத்தோட்டம், இல்லையென்றால் ஆறு. தோட்டத்தில் வேலை இருந்தது. ஆற்றில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. படித்துறையின் கடைசிப் படியில் கால் நனைய உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் வருகிற பக்கம் அது.

அவன் மனைவி மயிலம்மாள் ஆரம்பத்தில் போய்க் கூப்பிட்டாள். "வரேன்" என்பான். வரமாட்டான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சோறு ஆறினால் ஆறட்டும் என்று மூடி வைத்தாள்.

அவன் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்தவன். காங்கோவில் சண்டை என்று ஐக்கிய நாட்டுச் சபைக்காக இங்கிருந்து பட்டாளம் போனபோது, கூடவே ஒரு ஆஸ்பத்திரியும் போயிற்று. அந்த ஆஸ்பத்திரிக்குச் சோறாக்க அவனும் போனான். இரண்டு வருஷம். பங்குனியில் பட்டாளத்திலிருந்து விலகி ஜீயபுரம் வந்துசேர்ந்தான். இப்போது ஐப்பசி. ஆறு செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. தூறல் விட்டு விட்டுப் பெய்தது.

முன்பெல்லாம் லீவில் வந்தால் நிறையப் பேசுவான். ஜபல்பூரில் பட்டாளத்துக் குடும்ப லயன் வீட்டில் மூன்று வருஷம் அவளைக் கூட வைத்திருந்தபோதும் பேசினான். இந்தத் தடவை போனவன் ஒருத்தன், வந்தவன் ஒருத்தன்.

சாப்பாட்டில் மட்டும் ஒரு புதுப் பழக்கம் இருந்தது. கெண்டை மீன் வைத்தால் முதல் துண்டை எடுத்து முள்ளை ஒவ்வொன்றாக உருவிப் போடுவான். சதையை விரலால் நசுக்கிப் பார்ப்பான். அதை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மீதி மீனை முள்ளோடு தின்பான். ஒதுக்கியதைத் தொடமாட்டான். அவன் எழுந்ததும் அதே இலையில் மயிலம்மாள் உட்காருவாள். முள் எடுத்த மீன் அவளுக்காக இருக்கும். வாயில் வராத வார்த்தை இலையில் வருகிறது என்று நினைத்துக்கொண்டு அதைக் கடைசியாகத் தின்பாள்.

விடிவதற்குள் இருவரும் இலை அறுத்தார்கள். பூவன் வாழை. மருதை அரிவாளால் நுனி இலையைச் சாய்த்துவிடுவான். அவள் அதைத் தரையில் படாமல் ஏந்தி, கிழிசல் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, நாரில் கட்டுவாள். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள். பாசஞ்சர் வண்டியில் அவள் கோட்டை ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போவாள். சத்திரத்துக்கு வாடிக்கையாக இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் எதிரே வெள்ளைச்சாமியின் டீக்கடை. அன்றைக்கு வண்டி தாமதம். தூறலுக்கு எல்லோரும் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். மயிலம்மாள் தாழ்வாரத்தின் ஓரத்தில் இலைக்கட்டுகளோடு நின்றாள்.

"வாய்யா காங்கோ" என்றார் வெள்ளைச்சாமி. ஊரில் மருதைக்கு அதுதான் பேர் இப்போது. "ஆத்துல தண்ணி பாத்தியா? இதவிடப் பெருசா ஒங்க ஆறு?"

"பெருசு."

"எவ்வளவு பெருசு? வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துடும்?"

மருதை டீயை ஊதினான். "அகண்ட காவேரி மாதிரி நாலஞ்சு சேத்து வச்சுக்கங்க. கோடை கிடையாது. ஒரு பக்கம் மழை நின்னா இன்னொரு பக்கம் மழை புடிச்சுக்கும். வருசம் பூரா ஓடும்."

"அப்ப அக்கரை கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரியும். அக்கரை வேற நாடு. போட்டுல போவணும்."

"அட! ஆத்தத் தாண்டுனா வேற நாடா?" பெஞ்சில் இருந்த பெரியண்ணன் தொடையைத் தட்டினான். "நாம ஸ்ரீரங்கம் போவ பாஸ்போர்ட்டு வாங்கணும்ங்கிற மாதிரியில்ல இருக்கு. கோயில் யானைதான் கையெழுத்துப் போடணும்."

"ஒனக்கு அதுவும் போடாது" என்றார் வெள்ளைச்சாமி. "சரி, அங்க பொழப்பு என்ன? நெல்லா?"

"நெல்லு கொஞ்சம். எல்லாம் குச்சிக்கெழங்கு, மரவள்ளிதான். அப்புறம் பனம்பழத்து எண்ணெய். நம்ம பனை இல்ல, வேற சாதி. செவப்பா இருக்கும். உள்ளாற போனா செம்பு தோண்டுறாங்க. அதுக்குத்தான் சண்டையே."

"பொம்பளைங்க எப்படி?" என்றான் பெரியண்ணன், குரலைத் தாழ்த்தி.

"மீனு விக்கிறாங்க. கெழங்கு விக்கிறாங்க. சந்தை அவங்க கையிலதான். மரியாதையாப் பேசணும். மாமான்னு கூப்புடணும்."

கடையே சிரித்தது. "பொம்பளைய மாமாங்கிறானேய்யா! அப்ப மாமனை அத்தைம்பியா?" பெரியண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

மருதை சிரிக்கவில்லை. "அம்மான்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தான். வண்டி ஊதியது. கட்டுகளை ஏற்றிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே ஆற்றுப்பக்கம் நடந்தான்.

சத்திரத்தில் இலையை எண்ணி வாங்குகிறவர் அழகிரி ஐயங்கார். ஒவ்வொரு கட்டையும் பிரித்து ஒரு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"கிழிசல் இல்லையே? பெருமாள் புண்ணியத்துல இன்னிக்கு நன்னாயிருக்கு. நாளைக்கு ஏகாதசி, இலை வேண்டாம். துவாதசிக்கு ரெட்டிப்பா கொண்டு வந்துடு, என்ன?"

"சரிங்க சாமி."

அங்கிருந்து அம்மா மண்டபம் போனாள். மருதையின் அக்கா இருசம்மாள் படித்துறைத் தெருவில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்திருந்தாள். தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தவள் அவள்தான். இப்போது இன்னொரு கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறவளும் அவள்தான்.

"வாடி மயிலு. உக்காரு. மோர் குடிக்கிறியா?"

"வேணாம் அண்ணி. வண்டிக்குப் போவணும்."

"ஒனக்கு எப்பயும் வண்டிதான்." இருசம்மாள் தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டே பேசினாள். "உப்பிலியபுரத்துலேருந்து மறுபடியும் ஆள் வந்துச்சு. நல்ல எடம். பொண்ணு பேரு வீரம்மா. கொஞ்சம் வயசு ஏறிடுச்சு, அதனால ரெண்டாந்தாரம்னாலும் சரிங்கிறாங்க. ஒன்ன வெலக்கச் சொல்லல. ஒரே வீட்டுல அக்கா தங்கச்சியா இருங்க. ஒரு புள்ள பொறந்தா ஒனக்கும்தான் புள்ள."

மயிலம்மாள் சரிந்திருந்த வெற்றிலைக் கட்டை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் என்ன கெட்டதா சொல்றேன்? எங்கப்பன் வகையில ஆம்பளப் புள்ள அவன் ஒருத்தன். அவனோட முடிஞ்சு போவணுமா?"

"அவருகிட்டயே கேளுங்க அண்ணி."

"கேக்காமலா இருப்பேன்? வேணாம்ங்கிறான். ஏன்டான்னா வாயில கொழுக்கட்டை. எல்லாம் ஒனக்காகத்தான்டி. ஒன் மனசு நோவக் கூடாதுன்னு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான்." தேங்காயைக் கீழே வைத்தாள். "இல்ல, ஒண்ணு கேக்கறேன். குறை ஒன்கிட்டயா அவன்கிட்டயா? அதையாவது சொல்லித் தொலையேன். அவன்கிட்டன்னா நான் ஏன் ஊரான் பொண்ணப் புடிச்சுக் கெணத்துல தள்ளப் போறேன்?"

மயிலம்மாள் தலைமேல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பதில் இருந்தது. மருதை காங்கோவில் இருந்தபோது டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்வந்தாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் உன்கிட்ட குறை எதுவும் தெரியலம்மா. வீட்டுக்காரரையும் பாக்கணும். வந்ததும் கூட்டிட்டு வா" என்றாள். அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஊர் அவளைத்தான் மலடி என்றது. சொல்லிக்கொள்ளட்டும். அவன் பேரில் அந்தச் சொல் விழக்கூடாது. தன்னால் அவனுக்குக் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவன் கல்யாணம் வேண்டாம் என்பதும், அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரிக்குச் சரி.

"சரி போ. துவாதசியன்னிக்குச் சாயங்காலம் நானே வரேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்." இருசம்மாள் ஒரு சாக்கை இழுத்து வைத்தாள். "இந்தா, குச்சிக்கெழங்கு. பொண்ணு வீட்டுத் தோட்டத்துது. எனக்குக் கொண்டாந்தாங்க. அவிச்சுப் போடு அவனுக்கு."

பாலத்தின் மேல் பஸ் போகும்போது சாக்கைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. தின்கிற பொருள். மனசு வரவில்லை.

சாக்கை அடுப்படியில் போட்டாள். மத்தியானம் சாப்பிட வந்த மருதை அதைப் பார்த்தான். ஒரு கிழங்கை எடுத்து இரண்டாக ஒடித்தான். பால் கசிந்தது. மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"எங்க கிடைச்சுது?"

"ஒங்க அக்கா குடுத்தாங்க." எந்த வீட்டுக் கிழங்கு என்று அவள் சொல்லவில்லை.

"அவிச்சுடாத" என்றான். "நான் ஒண்ணு பண்ணித் தரேன்."

வந்த நாளிலிருந்து அவன் தானாகப் பேசிய முதல் பேச்சு இதுதான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனே கிழங்கைத் தோலுரித்தான். கூடையில் போட்டுப் படித்துறைக்குக் கொண்டுபோய், ஓரமாகத் தண்ணீரில் இறக்கி, மேலே கல்லை வைத்தான். வேர் ஒன்றில் கயிற்றைக் கட்டினான்.

"இது எதுக்குங்க? ஊறுனா அழுவிடாதா?"

"அழுவணும். அங்கத்துக் கெழங்குல விஷம் இருக்கும். ஆத்துல போட்டு அழுவ விட்டா விஷம் தண்ணியோட போயிடும்."

"நம்ம கெழங்குல ஏது விஷம்?"

"இல்லதான்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா அந்த ருசி அழுவுனாத்தான் வரும்."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கூப்பிடப் போகவில்லை. அவனுக்குப் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து போயிற்று.

"இந்தச் செடி அங்கயும் உண்டு" என்றான். "தீவு தீவா வரும். மேல கொக்கு உக்காந்துக்கிட்டு வரும். கப்பல் சக்கரத்துல மாட்டிக்கிட்டா நாள் பூரா நிக்கும் கப்பல்."

"ஆத்துல கப்பலா?"

"கப்பல்னா ஒண்ணு இல்ல. முன்னால தட்டையா நாலஞ்சு தோணியக் கட்டிப் பின்னாலேருந்து தள்ளிக்கிட்டு வரும். ஒரு ஊரே அதுல வரும். ஆடு, கோழி, சுட்ட மீனு, கொரங்குக் கறி, எல்லாம். தையக்காரன் மெஷினோட உக்காந்து தைச்சுக்கிட்டு வருவான். கரையிலேருந்து ஓடத்துல வந்து, கப்பல் போவப் போவ ஓரத்துல புடிச்சுக்கிட்டு விப்பாங்க. கெழங்கு குடுத்து உப்பு வாங்குவாங்க. மீனு குடுத்து சவுக்காரம் வாங்குவாங்க."

"கப்பல் நிக்காதா?"

"நிக்காது. கைய விட்டா ஓடம் பின்னால போயிடும்."

"அப்புறம் அந்தக் கப்பல் எங்க போவும்?"

"நாங்க இருந்த ஊரோட சரி. அதுக்குக் கீழ ஆறு பாறையில விழுந்து ஓடுது. ராத்திரியில சத்தம் கேக்கும். கப்பல் தாண்டாது. சரக்கெல்லாம் அங்க எறக்கி ரயில்ல ஏத்தணும். எண்ணெய், பருத்தி, காப்பிக்கொட்டை. வெள்ளைக்காரன் இருந்தவரைக்கும் மலையாட்டம் கெடக்குமாம். நாங்க போனப்ப பாதி ஆயிடுச்சு. வேலை போச்சு, வெலை ஏறிப் போச்சு. உப்புக்கு அடிச்சுக்குவாங்க." தண்ணீரில் கையை விட்டுக் கூடையை அசைத்துப் பார்த்தான். "ஆனா ஆத்தோரத்துல பட்டினி கெடையாது. பொம்பளைங்க விடியங்காட்டியும் கெழங்க எடுத்துத் தட்டுவாங்க. கரை பூரா ஒலக்கைச் சத்தம்."

இருட்டும்வரை பேசினான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொரங்குக் கறியா, சீ என்றாள். அவன் லேசாகச் சிரித்தான். எழுந்து வரும்போது வழுக்கும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உப்பிலியபுரத்துக் கிழங்கைத் தூக்கி எறியாதது நல்லதாயிற்று என்று நினைத்தாள். இருசம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் போயிருந்தது. இவன் திரும்ப வந்துகொண்டிருக்கிறான். இனி யார் வந்தாலென்ன.

கிழங்கு ஊறி நாறியது. படித்துறைக்குக் குளிக்க வந்த பொன்னுத்தாய் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏ மயிலு, என்னத்தடி கட்டிப் போட்டுருக்கீங்க? பெருச்சாளி கிருச்சாளி செத்துக் கெடக்கா?"

"அது காங்கோ பலகாரம்க்கா."

"இந்த நாத்தத்துக்கா கப்பலேறிப் போனாரு ஒன் புருசன்?"

மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

துவாதசிக்கு இலை போட்டுவிட்டு அவள் திரும்பியபோது மருதை கூடையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். கிழங்கு பஞ்சாக ஊறியிருந்தது. நடுவிலிருந்த நரம்பை உருவிப் போட்டான். அவள் உரலில் போட்டு இடித்தாள். துணியில் கட்டிப் பிழிந்து, பாதி வேகவைத்து, சூட்டோடு பலகையில் போட்டு அவன் பிசைந்தான். வியர்வை மூக்கில் சொட்டியது. மாவு வெள்ளையாக, பிசினாக வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வாழையிலையை அவள் அடுப்பில் வாட்டிக் கொடுத்தாள். அவன் கட்ட ஆரம்பித்தான்.

மாவை நீளமாக உருட்டி இலையில் வைத்தான். ஒரு மடிப்பு, எதிர் மடிப்பு. நுனியை உள்ளே செருகினான். நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுமுனையைச் சுற்றிச் சுற்றி இறக்கி முடிச்சுப் போட்டான். அடுத்தது. கை பார்க்காமலே போயிற்று. மயிலம்மாளுக்கு இலைக்கட்டுத்தான் பிழைப்பு. கை பழகுவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இது ஒருநாள் இருநாள் பார்த்துக் கற்றது இல்லை.

"ஆஸ்பத்திரியில அத்தன பேருக்கும் இப்படியா கட்டுவீங்க?"

"ஆஸ்பத்திரியில சோறு, ரொட்டி, பருப்புதான். இது அங்க ஏது?"

"பின்ன எங்க கத்துக்கிட்டீங்க?"

அவன் பல்லில் கடித்திருந்த நாரை எடுத்தான். முடிச்சுப் போட்டான்.

"ஆத்தோரம் ஒரு வீட்டுல."

அவள் அடுத்த இலையை வாட்டினாள். இலை கொஞ்சம் கருகிவிட்டது. அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

மாவு தீர்ந்தது. பலகையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து ஒன்று சேர்த்தான். கருகிய இலையின் நல்ல பக்கத்தைக் கிழித்து, அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பொட்டலம் கட்டினான். மற்றவற்றைவிடக் கவனமாகக் கட்டினான். காதுபோல நாரில் ஒரு வளையம் விட்டான், பிடித்துக்கொள்ள. அதைத் தனியாக, பலகையின் ஓரத்தில் வைத்தான்.

இலையின் ஓரத்தில் மீன் வைக்கிற மாதிரி.

மயிலம்மாள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். ஓரத்து மீனெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது, ஒரு சின்ன வாய்க்காக முள் எடுத்து நசுக்கிய மீன்.

"இது யாருக்கு?"

மருதை பலகையைப் பார்த்தான். தன் கை செய்ததை அப்போதுதான் பார்த்தவன்போல இருந்தான். எடுத்து மறைக்கப் போன கை பாதியில் நின்றது.

ஓட்டிலிருந்து தண்ணீர் வாசலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆணா பொண்ணா?" என்றாள்.

மீதி நாரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு" என்றான்.

"நடக்குதா?"

"நான் வர்றப்ப சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கும்."

"இப்ப ஓடும்."

"ம்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் பேரையும் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் என்றுதான் டாக்டரம்மா சொன்னாள். மயிலம்மாள்தான் அதை முழுசாகச் சொன்னதாக வைத்துக்கொண்டாள். அவன் குறையை மறைப்பதாக நினைத்து இத்தனை நாள் காத்து வைத்திருந்தது அவள் குறையைத்தான்.

பானையில் வைக்கோல் பரப்பிப் பொட்டலங்களை அடுக்கினாள். சின்னதையும் எடுத்தாள்.

"அத விடு மயிலு. தூக்கிப் போட்டுடறேன்."

"தின்கிற பொருளுங்க" என்றாள். "சின்னது சீக்கிரம் வெந்துடும். மேல வக்கிறேன்."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். மழையில் இறங்கி ஆற்றுக்குப் போகவில்லை. நிலைப்படியில் நின்றான். அவள் அடுப்பைத் தள்ளித் தள்ளி எரித்தாள். ஆவி வந்தது. அந்தப் புளித்த வாடை வீடு முழுவதும் நிறைந்தது.

சாயங்காலம் மழை விட்டதும் இருசம்மாள் வந்தாள். தூரத்திலேயே குரல் கேட்டது. "என்னடா மருதை, ஊரே நாறுது! நீதானா?"

மயிலம்மாள் பானையைத் திறந்தாள். மேலே இருந்த சின்னப் பொட்டலம் வெந்திருந்தது. வளையத்தைப் பிடித்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புடவையை ஒதுக்கி மடியில் வைத்துச் செருகிக்கொண்டாள். பிறகு பெரிதில் ஒன்றைப் பிரித்து நாத்தனாருக்கு வைத்தாள்.

இருசம்மாள் ஒரு வாய் தின்று முகத்தைச் சுளித்தாள். "இதத் தின்னா அங்க உசுரோட இருந்த?" மருதை நிலைப்படியிலேயே நின்றான். அவள் மயிலம்மாள் பக்கம் திரும்பினாள். "சரி. சுத்தி வளைக்கல. உப்பிலியபுரத்துக்கு என்ன சொல்லட்டும்? நீ சொல்லு."

"அன்னைக்குக் கேட்டீங்கல்ல அண்ணி, குறை யாருகிட்டன்னு."

"ஆமா."

"என்கிட்டதான்."

மருதை நிமிர்ந்து பார்த்தான். இருசம்மாள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் கேட்ட கேள்விக்கு இப்படிப் பதில் வந்ததும் அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. குரல் தணிந்தது.

"அப்ப சரின்னு சொல்லிடட்டுமாடி?"

"வேணாம்னு சொல்லிடுங்க. அந்த வீரம்மா இங்க வந்து தனியாக் கெடக்கும்."

"தனியா என்னடி தனியா? நீ இருக்க. அவன் இருக்கான்."

மயிலம்மாள் வாசலைப் பார்த்தாள். மருதை அங்கே இல்லை. படித்துறைப் பக்கம் போகிற அவன் முதுகு வாழைகளுக்கு நடுவே தெரிந்தது.

"என்னடி வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? வலிக்குதா?"

"இல்ல அண்ணி" என்றாள்.

மடியில் இருந்தது இன்னும் ஆறவில்லை.